சாவியின் ஸ்பெயினா, யமாலின் ஸ்பெயினா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலையில் இளம் வீரர் யமால் ஆடிய ஸ்பெயின் அணி, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையை வென்ற இரவிலிருந்து, கால்பந்து பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்த வழக்கு தொடங்கிவிடுகிறது. சாவி என்ற மிட்ஃபீல்டரை நடுவில் வைத்து 2008 முதல் 2012 வரை யாரையும் தலைதூக்க விடாமல் வைத்திருந்த அந்தப் பழைய ஸ்பெயினுக்கு இந்த அணி ஈடாகுமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை தொண்டை வலிக்காது என்று உட்கார்ந்தேன். புதிய அணியின் கணக்கை 2025 முடிய எடுத்திருக்கிறேன்.

முதலில், யார் எதை வென்றார்கள்?

பழைய அணி: 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ. மூன்று பெரிய தொடர்கள், மூன்றும் அடுத்தடுத்து. யூரோவை விடாமல் இரண்டு முறை வென்ற நாடு இன்றுவரை வேறு கிடையாது.

புதிய அணி: 2023 நேஷன்ஸ் லீக் (ஐரோப்பிய நாடுகளுக்கான இன்னொரு, சிறிய தொடர்), 2024 யூரோ. 2025 நேஷன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றார்கள். நேஷன்ஸ் லீகை உலகக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே மூன்றுக்கு ஒன்று என்பதுதான் நியாயமான கணக்கு.

அப்புறம் என்ன, விவாதம் அங்கேயே முடிந்துவிட்டதே?

கோப்பைகளை மட்டும் எண்ணினால் முடிந்ததுதான். பழையது சாம்ராஜ்யம், புதியது இன்னும் அந்த ஊர் எல்லைக்கு வரவில்லை. என்னை இழுப்பது வேறு ஒரு கணக்கு.

அந்த மூன்று தொடர்களிலும் சேர்த்துப் பழைய அணி ஆடிய நாக்அவுட் ஆட்டங்கள், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள், 10. வாங்கிய கோல் பூஜ்யம். இத்தாலியும் ஜெர்மனியும் போர்ச்சுகலும் தலா இரண்டு முறை, ரஷ்யா, பராகுவே, நெதர்லாந்து, பிரான்ஸ் ஒவ்வொரு முறை மோதிப் பார்த்தன. அதில் மூன்று ஆட்டங்கள் கூடுதல் நேரம்வரை போயின. ஒருவராலும் ஒரு கோல் போட முடியவில்லை.

2024 யூரோவில் புதிய அணி ஆடிய நாக்அவுட் ஆட்டங்கள் 4. ஜார்ஜியா, ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நான்கு அணிகளிடமும் தலா ஒரு கோல் வாங்கினார்கள், நான்கு ஆட்டங்களையும் வென்றார்கள். ஜார்ஜியாவிடமும் பிரான்ஸிடமும் முதல் கோலை வாங்கியது இவர்கள்தான்.

யார் பெரியவர் என்று கேட்பவர்களிடம் நான் இந்த இரண்டு கணக்கையும்தான் எடுத்து நீட்டுவேன். அந்த மூன்று தொடர்களில் பழைய அணி ஒரு நாக்அவுட் ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூடப் பின்தங்கி நிற்கவில்லை. பின்தங்கினால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பையே அங்கே அவர்கள் நமக்குத் தரவில்லை.

டிக்கி-டாக்கா என்றால் தாக்குதல் ஆட்டம்தானே? கோல் வாங்காததற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பலர் சறுக்கும் இடம் இது. சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் அந்த ஆட்டம் பார்வைக்குத் தாக்குதல்போலத் தெரியும். உண்மையில் அது ஒரு பூட்டு. பந்து நம் காலில் இருக்கும்வரை எதிராளி கோல் போட முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

பழைய ஆட்டம் ஏதாவது ஒன்றைப் போட்டு, பத்து நிமிடம் சாவியை மட்டும் தனியாகப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே கழுத்து இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும், நெரிசலான சாலையைக் கடக்க நிற்பவரைப் போல. பந்து வந்ததும் அரைச் சுற்று. எதிராளி நெருங்கினால் பந்து பின்னால் புஸ்கெட்ஸிடம் போகும், நெருங்காவிட்டால் முன்னால் இனியஸ்டாவிடம். ஐந்து மீட்டர், எட்டு மீட்டர், மறுபடி ஐந்து. எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பந்து பறிபோனாலும் அடுத்த நொடியே மூன்று பேர் மேலே விழுந்து பிடுங்கிவிடுவார்கள். எழுபது நிமிடம் பந்தின் பின்னால் ஓடிய எதிரணிக்கு, கடைசியில் பந்து கிடைக்கும்போது அதை முன்னே கொண்டுபோக மூச்சு இருக்காது.

2010 உலகக் கோப்பையில் 7 ஆட்டங்களில் 8 கோல். உலகக் கோப்பையை வென்ற எந்த அணியும் இவ்வளவு குறைவாக அடித்ததில்லை. டேவிட் வியா 5, இனியஸ்டா 2, புயோல் 1. முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றார்கள். நாக்அவுட் நான்கும் 1-0, 1-0, 1-0, 1-0.

அந்த இறுதிப்போட்டி நமக்கு நள்ளிரவு 12 மணிக்கு ஆரம்பித்தது. 116-வது நிமிடத்தில் இனியஸ்டா அடித்தபோது இரண்டரையை நெருங்கியிருக்கும். வீட்டில் விழித்திருந்தது நானும் மின்விசிறியும்தான். கத்தவும் முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சலிப்பூட்டும் அணி என்று அப்போதே சொன்னார்களே?

சொன்னார்கள், ஓரளவு நியாயமும் உண்டு. 2012-இல் பல ஆட்டங்களில் ஸ்ட்ரைக்கரே இல்லாமல் ஃபாப்ரிகாஸை முன்னால் நிறுத்தி ஆடினார்கள். எனக்கே ஒன்றிரண்டு ஆட்டங்களில் கொட்டாவி வந்தது. அதற்கான பதிலை அதே தொடரின் இறுதிப்போட்டியில் கொடுத்தார்கள்: கீவ் நகரில் இத்தாலிக்கு 4-0.

பழைய அணிக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது உண்மையா?

உண்மை. அதற்குப் பெயர் கசியாஸ், பழைய அணியின் கோல்கீப்பர். 2010 காலிறுதியில் ஸ்கோர் 0-0 ஆக இருந்தபோது பராகுவேயின் கார்தோசோ அடித்த பெனால்டியைப் பிடித்தார். சில நிமிடங்களில் ஸ்பெயினுக்கும் பெனால்டி கிடைத்தது. சாபி அலோன்சோ அடித்து உள்ளேயும் போனது, நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார், இரண்டாவது தடவை தடுக்கப்பட்டது. பிறகு 83-வது நிமிடத்தில் வியா அடித்த பந்து இரண்டு கம்பங்களிலும் இடித்துவிட்டு உள்ளே நுழைந்தது. இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் ராபன் தனியாக ஓடி வந்து அடித்த பந்து கசியாஸ் நீட்டிய காலின் நுனியில் பட்டு வெளியே போனது. மேலே பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பூஜ்யம் ஒரு பூட்ஸ் நுனி அகலத்தில் நின்றது.

புதியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2024 காலிறுதியில் ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து குகுரேயாவின் கையில் பட்டும் பெனால்டி தரப்படவில்லை. ஜெர்மன்காரர்களிடம் இன்றும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் கெஹி தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டிலேயே நின்று தலையால் திருப்பினார் டானி ஒல்மோ, அதுவும் 90-வது நிமிடத்தில்.

புதிய அணியின் ஆட்டத்தில் அப்படி என்ன வேறுபாடு?

ஓரங்கள். பழைய அணியில் எல்லாரும் நடுவுக்கு வந்துவிடுவார்கள். உண்மையான விங்கர் என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெசூஸ் நவாஸ்தான். புதிய அணியில் வலது கோட்டை ஒட்டி லாமின் யமால், இடது கோட்டை ஒட்டி நிகோ வில்லியம்ஸ். இருவரும் காலில் சுண்ணாம்பு ஒட்டும் அளவுக்கு அகலமாக நிற்பார்கள். அவர்களைக் கவனிக்க எதிரணி டிஃபெண்டர்கள் வெளியே வந்தே ஆகவேண்டும். வந்தால் நடுவில் விழும் இடைவெளிக்குள் ஒல்மோவோ ஃபாபியான் ரூயிஸோ நுழைந்துவிடுவார்கள்.

இங்கிலாந்துக்கு எதிரான முதல் கோலைப் பாருங்கள். இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிடம்தான். கார்வஹால் பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு, பந்து யமாலுக்கு. யமால் உள்ளே வெட்டி ஓடினார். ஒல்மோ குறுக்கே ஓடி டிஃபெண்டர்களைத் தன்னோடு இழுத்துப் போனார். மறுமுனையில் ஆளில்லாமல் நின்ற நிகோவிடம் பந்து போனது, இடது காலால் ஒரே அடி. சாவி காலத்து ஸ்பெயின் இதே கோலுக்கு இன்னும் பதினைந்து பாஸ் போட்டிருக்கும். கேலியாகச் சொல்லவில்லை, அவர்கள் அவசரப்பட வேண்டிய தேவை இருந்ததில்லை.

7 ஆட்டம், 7 வெற்றி, 15 கோல். ஒரே யூரோ தொடரில் இத்தனை கோல் அதுவரை யாரும் அடித்ததில்லை. பிரான்ஸ் 1984-இல் அடித்த 14 தான் முந்தைய சாதனை.

யமாலைத் தூக்கிவைத்துப் பேசுவது கொஞ்சம் அதிகம் இல்லையா?

2024 அரையிறுதிக்கு முன்பு எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிரான்ஸ் 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. 21-வது நிமிடம், பெட்டிக்கு வெளியே யமாலின் காலில் பந்து, எதிரே ராபியோ. இடது பக்கம் ஒரு சின்ன அசைவு, அப்புறம் இடது காலால் ஒரு வளைவு. பந்து தூரத்துக் கம்பத்தின் உள்பக்கம் உரசி வலைக்குள் போனது. அன்று அவருக்கு வயது 16, யூரோ வரலாற்றிலேயே கோல் அடித்த மிக இளையவர். அதே தொடரின் நடுவில்தான் பள்ளித் தேர்வு முடிவும் வந்தது. பாஸ். 17-வது பிறந்தநாளுக்கு மறுநாள் இறுதிப்போட்டி.

கோல் போட்டதும் விரல்களால் 304 என்று காட்டுவார். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் மத்தாரோ என்ற ஊரில், குடியேறிகள் நிறைய வாழும் ரோகஃபோந்தா பகுதியின் அஞ்சல் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் அவை.

புஸ்கெட்ஸா, ரோட்ரியா?

பழைய அணியில் புஸ்கெட்ஸ் நின்ற நடு இடத்தில் புதிய அணியில் நிற்பவர் ரோட்ரி. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஆள் எடு என்றால் ரோட்ரியை எடுப்பேன். புஸ்கெட்ஸ் பக்கத்தில் சாபி அலோன்சோ இருந்தார், முன்னால் சாவி இருந்தார். ரோட்ரி அதிகச் சுமையைத் தனியாகச் சுமந்தார், கோலும் போட்டார். ஆண்டின் சிறந்த வீரருக்கான 2024 பாலன் டோர் விருது அவருக்குத்தான் போனது. சாவிக்கும் இனியஸ்டாவுக்கும் கிடைக்காத விருது அது. ஆனால் 2024 இறுதிப்போட்டியின் இடைவேளையில் அவர் காயத்தோடு வெளியேறி ஸுபிமெந்தி உள்ளே வந்தபோது ஆட்டம் துளியும் ஆட்டம் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு அணியிலும் ஆடியவர் யாராவது உண்டா?

2024 யூரோ அணியை வைத்துச் சொன்னால் ஒரே ஒருவர், மேலே பெஞ்சில் விட்டுவந்த நவாஸ். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

செவியா ஊர்க்காரர். இளம் வயதில் ஊரைவிட்டு வெளியே தங்கினாலே பதற்றம் வந்து உடம்பு நடுங்கிவிடும். அதனால் தேசிய அணிப் பக்கம் வருவதற்கே 2009 நவம்பர் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் 60-வது நிமிடத்தில் பெட்ரோவுக்குப் பதிலாக இறங்கினார். இனியஸ்டாவின் அந்தக் கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். எல்லாரும் கடைசி உதையைத்தான் பார்ப்பார்கள். அது தொடங்குவது சொந்தப் பாதியில் பந்தை எடுத்து வலப்பக்கமாக ஓட ஆரம்பித்த நவாஸின் காலில்.

14 ஆண்டுகள் கழித்து, 2024 அரையிறுதி. கார்வஹால் முந்தைய ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதால் ரைட் பேக்காக இறக்கப்பட்டார் நவாஸ். வயது 38. எதிரே எம்பாப்பே. முதல் கோலுக்கான பந்து இவர் பக்கத்திலிருந்துதான் எம்பாப்பேயின் காலால் வந்தது. சீக்கிரமே மஞ்சள் அட்டையும் வாங்கினார். ஆனாலும் 58-வது நிமிடம்வரை தாக்குப்பிடித்தார். அவருக்கு முன்னால் அதே வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது யமால். யமால் பிறந்தபோது நவாஸ் செவியா கிளப்போடு, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஏஃபா கோப்பையை இரண்டு முறை வென்று முடித்திருந்தார்.

பழைய அணி சும்மா பார்சிலோனாதானே, சட்டையை மட்டும் மாற்றிப் போட்டது?

பாதிக்கு மேல் உண்மை. 2010 இறுதியில் தொடங்கிய 11 பேரில் பிகே, புயோல், புஸ்கெட்ஸ், சாவி, இனியஸ்டா, பெட்ரோ என ஆறு பேர் பார்சா. தொடருக்கு முன்பே பார்சாவில் கையெழுத்துப் போட்டுவிட்ட வியாவையும் சேர்த்தால் ஏழு. ரியல் மாட்ரிட்டிலிருந்து கசியாஸ், ராமோஸ், அலோன்சோ. தினமும் சேர்ந்து பயிற்சி செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடலாம். ஆனால் அந்த விதை 2008-இலேயே விழுந்துவிட்டது. அப்போது பயிற்சியாளர் அரகோனெஸ், நடுவில் காவல் நின்றவர் வியாரியாலின் மார்கோஸ் சென்னா. அந்தப் பாஸ் ஆட்டத்துக்குப் பேர்போன பயிற்சியாளர் குவார்தியோலா பார்சா முதல் அணியின் பொறுப்பில் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவைத்திருக்கவில்லை.

2024 இறுதியில் இறங்கிய 11 பேர் 10 கிளப்புகளைச் சேர்ந்தவர்கள். பார்சாவிலிருந்து யமால் மட்டும், ரியல் மாட்ரிட்டிலிருந்து கார்வஹால் மட்டும். லபோர்த், லெ நார்மான் இருவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள். இப்படி மூலைக்கொருவராகச் சிதறிக் கிடப்பவர்கள் எப்படி ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்? பயிற்சியாளர் லுயிஸ் தெ லா ஃபுவெந்தே அவர்களைச் சிறுவயதிலிருந்தே வளர்த்தவர். 2015-இல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோவை வென்ற அவருடைய அணியில் உனாய் சிமோன், ரோட்ரி, மெரினோ இருந்தார்கள். 2019-இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவை வென்ற இறுதியில் கோல் போட்டவர்கள் ஃபாபியானும் ஒல்மோவும். பழைய அணிக்குக் கிளப் செய்து கொடுத்த வேலையை இங்கே இளையோர் அணிகள் செய்து கொடுத்தன.

பயிற்சியாளர்களில் யார் பெரியவர்?

இதற்கு எண்ணால் பதில் சொல்ல முடியாது, ஒரு ஒற்றுமையை மட்டும் சொல்கிறேன். 2006 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்திடம் 2-3 என்று தோற்றது அரகோனெஸின் அணி. டேவிட் ஹீலி என்பவர் ஹாட்ரிக் போட்டார். அந்தக் கிழவரைத் துரத்துங்கள் என்று ஊரே கத்தியது. அவர் போகவில்லை. நாட்டின் செல்லப்பிள்ளை ராவுலுக்குத்தான் அது தேசிய அணிக்கான கடைசி ஆட்டமானது. சின்ன உருவ மிட்ஃபீல்டர்களை நம்பி அணியைக் கட்டினார்.

2023 மார்ச்சில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்திடம் 0-2 என்று தோற்றது தெ லா ஃபுவெந்தேயின் அணி. அது அவருடைய இரண்டாவது ஆட்டம்தான். மக்டோமினே இரண்டு கோல். அதே கத்தல். மூன்று மாதத்தில் நேஷன்ஸ் லீக் கைக்கு வந்தது. ஷூட்அவுட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நட்பு ஆட்டங்கள் தவிர 2025 முடிய அதற்குப் பிறகு ஒரு தோல்வியும் இல்லை.

நடுவில் பத்து வருடம் ஸ்பெயின் எங்கே போனது?

2014 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே நெதர்லாந்திடம் 1-5, அடுத்து சிலியிடம் 0-2, மூட்டையைக் கட்டினார்கள். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டுப் பெனால்டியில் தோற்றார்கள். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராக மறுபடி ஆயிரம் பாஸ், ஷூட்அவுட்டில் அடித்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அதில் ஒன்று புஸ்கெட்ஸ் அடித்தது.

பூட்டு மட்டும் மிஞ்சி, சாவி கொத்துத் தொலைந்துபோன காலம் அது. யமாலும் நிகோவும் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பது அந்த இரண்டு ஆயிரங்களைப் பார்த்தால்தான் புரியும்.

புதிய அணியின் பெரிய ஓட்டை எது?

2025 ஜூன், ஸ்டுட்கார்ட், நேஷன்ஸ் லீக் அரையிறுதி. பிரான்ஸுக்கு எதிராக 55-வது நிமிடத்தில் 4-0, அப்புறம் 5-1. முடிந்தபோது 5-4. மூன்று நாள் கழித்து மியூனிக்கில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்று இரண்டு முறையும் விட்டுக்கொடுத்து, ஷூட்அவுட்டில் தோற்றார்கள். நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஐந்து கோல் வாங்கியிருந்தார்கள். பழைய அணி மூன்று தொடர்களின் 19 ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியதே 6.

நாலு கோல் முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு எதிராளியைத் தூங்கவைக்கும் கலை இவர்களுக்கு இன்னும் வரவில்லை. அதை இவர்கள் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை, பழைய வீடியோவே போதும்.

சரி, இரண்டும் நேருக்கு நேர் ஆடினால்?

பழைய அணி 1-0, வியா. யமாலின் வேகம் பழைய அணியின் லெஃப்ட் பேக் காப்தெவிலாவை நிச்சயம் திணறடிக்கும். ஆனால் யமாலுக்குப் பந்து கொடுக்க முதலில் பந்து வேண்டும், சாவியிடமிருந்து அதை வாங்குவது யார்? புதிய அணி முதல் கோலைப் போட்டுவிட்டால் மட்டும் என் கணிப்பு செல்லாது, ஏனென்றால் அந்தப் பழைய அணியை அந்த நிலையில் அந்த மூன்று தொடர்களின் ஒரு நாக்அவுட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டுமென்றால்?

பெருமைக்குப் பழைய அணி, பொழுதுக்குப் புதிய அணி. நான் போடுவது 2024 காலிறுதி, அதே ஸ்டுட்கார்ட், எதிரணி ஜெர்மனி. 8-வது நிமிடத்தில் பெத்ரி காயத்தோடு வெளியேற, பதிலாக வந்த ஒல்மோ 51-இல் கோல். விர்ட்ஸ் 89-இல் சமன் செய்கிறார். பெனால்டிக்கு எல்லாரும் தயாராகிக்கொண்டிருக்கும்போது, 119-வது நிமிடத்தில் ஒல்மோ தூக்கிப்போட்ட பந்தை எகிறி முட்டுகிறார் மெரினோ. உள்ளே.

கோல் போட்டதும் அவர் நேராக மூலைக் கொடிக்கு ஓடி அதைச் சுற்றி வருவார், கவனியுங்கள். 1991-இல் அவருடைய அப்பா ஒசசூனா என்ற ஸ்பெயின் கிளப்புக்காக இதே மைதானத்தில் ஸ்டுட்கார்ட் கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு, இதேபோல மூலைக் கொடியைச் சுற்றி ஓடியிருந்தார்.